வலித்த நெறியும் வலிக்காத நெறியும்

‘நம்ம ரெஜினா டாக்டரம்மா காலைல தவறிட்டாகண்ணே’ என்று டவுன் பஸ் கண்டக்டர் சொன்னதும் கம்பம் பள்ளத்தாக்கே இன்ஜினை அணைத்துவிட்டது. பஸ் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவர் கைபடாத தாடை காமயகவுண்டன்பட்டியில் கிடையாது. அவற்றில் தலையாய தாடை என்னுடையது. சில வருடங்களுக்கு முன் அதன் இடப்பக்கம் அடியில் நெறி கட்டியது. அளவு புளியங்கொட்டை, ஊரில் நான் சொன்ன அளவு தேங்காய். தொட்டால் உயிர் போனது. என் அப்பா கழுத்துக் கட்டியில் இறந்தவர். எனக்கும் அதேதான் என்று முடிவுகட்டி, சுண்ணாம்பைக் குழைத்துப் பூசிக்கொண்டு, திராட்சைத் தோட்டத்தை மகன் பேருக்கு எழுதக் கிளம்பிவிட்டேன். என் மனைவிதான் டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள்.

‘நீங்களே பூசுனீகளா, கொத்தனாரக் கூப்பிட்டீகளா?’ என்றார் அவர். பிறகு தொண்டை, காது, தலைமுடிக்குள் எல்லாம் டார்ச் அடித்துத் தேடினார். ‘நெறி சும்மா கட்டாதுண்ணே. பல்லு, தொண்டை, காது, தலையில புண்ணு, எங்கனயோ கிருமி பூந்திருக்கு. அதோட மல்லுக்கட்டித்தான் இது வீங்கி வலிக்குது.’

கடைவாய்ப் பல்லொன்றைத் தட்டினார். நான் கூரையில் இடித்துக்கொண்டு இறங்கினேன். பல்லில் கீறல், வேரில் சீழ். வேறு யாராயிருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அவருக்கோ கீறல் எப்படி வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

‘பந்தல்ல கொடி கட்டுறாப்ல செஞ்சு காட்டுங்க.’

இரண்டு கையையும் மேலே தூக்கி முடிச்சுப் போட்டேன். நூலை அறுக்க என் வாய் தானாக இடப்பக்கம் திரும்பிக் கடித்தது, இல்லாத நூலை. அவர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த பாதிப் பேருக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கும்.

மாத்திரை கொடுத்தார், பல்லைப் பிடுங்க அனுப்பினார், நெறி வடிந்தது. தோட்டம் இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. மகனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

‘அப்ப வலிக்காட்டிப் பயமில்லையே?’ என்று கேட்டிருந்தேன்.

‘வலிக்கிறது உங்கள இங்கன ஓட்டியாந்துரும். வலிக்காம, கல்லாட்டம், கரையாம நிக்கிறதுக்குத்தான் யாரும் வர மாட்டேங்காக’ என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், என் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரன் சவரி துண்டை எடுத்து முகம் துடைத்தான். தாடைக்கடியில் ஒரு மேடு.

‘என்னடா இது?’

‘ரெண்டு மாசமாக் கெடக்கு மாமா. வலியே இல்ல, அதான் விட்டுட்டேன்.’

தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. எனக்கு எந்த உவமையும் வரவில்லை.

‘மண்ணப் போட்டுட்டு வா. தேனி ஆசுபத்திரிக்குப் போறோம்.’

‘துக்கத்தன்னைக்கா?’

‘அவுக இருந்தா ஒன்ன இந்த வரிசையில நிக்க விட்டிருப்பாகளா?’

கட்டியில் ஊசி வைத்துப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. பயங்காட்டிவிட்டேன் என்று சவரி என்னிடம் நேரில் பேசுவதில்லை, தினமும் போன் மட்டும் செய்கிறான். டாக்டரம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, அடுத்தவர் கழுத்தைக் கூச்சமில்லாமல் உற்றுப் பார்க்கும் அந்தக் குணம். அவரை அறிந்தவர்கள் என்னைக் கண்டால் தாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுப் போங்கள்.