மான் பார்க்கப் போன மாமியார்

கல்யாணமாகி நான் காஞ்சிபுரத்துக்கு வந்த புதிதில், ஒரு காலை, தறியில் ஏற்றுவதற்காகத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பட்டு இழைப் பாவு ஒன்றை ஒரு புள்ளிமான் நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. இழைகளுக்குப் பூசிய அரிசிக் கஞ்சி அதற்கு அவ்வளவு பிடித்துவிட்டது. நக்க நக்க இழைகள் அறுந்தன. பாவு எதிர்வீட்டு நெசவாளியுடையது. மான் என் மாமியாருடையது.

பக்கத்துக் கிராமமான கூரத்தில் வயலோரம் நாய்களிடம் சிக்கிய மான்குட்டியை அவருடைய அண்ணன் தூக்கிவந்து கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. மாமியார் அதற்கு முத்து என்று பெயர் வைத்தார். பாலும் கீரையுமாக வளர்ந்த முத்து, கொம்பு முளைத்ததும் வீட்டுக்குள் அடங்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் கத்தவில்லை. "அக்கா, பாவு போச்சுன்னா எங்க வீட்ல தறி ஓடாது. நீங்களே சொல்லுங்க" என்றார். மாமியார் உட்கார்ந்து, அறுந்த இழைகளை எல்லாம் தானே முடிந்து கொடுத்தார். பிறகு என்னிடம், "மெட்ராஸ்ல உயிர் காலேஜ் இருக்குதாமே, முத்துவ அங்க விடலாமான்னு போய்ப் பார்க்கலாம் வாமா. வீட்டைப் பார்க்காம பொண்ணு குடுப்பாங்களா?" என்றார்.

மிருகக்காட்சிசாலையை அன்று அப்படித்தான் சொல்வார்கள். மியூசியத் தோட்டத்தில் தொடங்கி, பின்னர் சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே இருந்த பூங்காவுக்கு மாறிய பழைய இடம் அது. சுற்றிலும் ரயில் சத்தம், பஸ் சத்தம். மாமியார் புலியையும் சிங்கத்தையும் கண்டுகொள்ளவே இல்லை. நேரே மான் பட்டிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி சுத்தமா, நிழல் விழுகிறதா என்று சம்பந்தி வீட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஏம்பா, இவ்ளோ நெருக்கமா இருக்குதே?" என்று காவலாளியைக் கேட்டார்.

"ஊரு பெருசாயிடுச்சும்மா, இங்க இடம் பத்தல. வெளிய காடு மாதிரி ஒரு இடம் பார்த்துக்கினு இருக்காங்க."

"நெசமாவா?"

"பேசிக்கினு இருக்காங்கம்மா. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

அந்தப் பேச்சை நம்பித்தான் முத்துவைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. அதன்பின் மெட்ராஸ் போகும்போதெல்லாம் முத்துவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். "மானோட அம்மா வந்துட்டாங்க" என்று காவலாளி சிரிப்பார். "இடம் பார்த்தாச்சாபா?" என்று இவர் கேட்பார். வருஷங்கள் போயின. முத்து குட்டிகளைப் பெருக்கி, வயதாகி இறந்தது. அதற்கும் பிறகுதான் வண்டலூர்க் காட்டில் வேலை தொடங்கியதாகச் செய்தி வந்தது.

புது இடம் திறந்ததும் குடும்பமாகப் போனோம். புலிக்கும் சிங்கத்துக்கும் கம்பிக் கூண்டு இல்லை; அகழிதான். மான்களுக்குக் கண்ணுக்கெட்டியவரை மரமும் புதரும். வேலியோரம் வெகுநேரம் நின்று பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை.

"ஒரு மான்கூடத் தெரியலையே ஆயா" என்று என் மகள் சிணுங்கினாள்.

மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம கண்ணுல படாம நிக்கறதுக்கு அதுங்களுக்கு இடம் இருக்குது, பாத்தியா" என்றார்.

ஊருக்குத் திரும்பியபின், மான் பார்க்கப் போய் மானையே பார்க்காமல் வந்த கதையை எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.