மட்டத்துக்கு வராத கல்

கோவை கணபதியில் பம்புசெட்டு உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் கிருபாசங்கர், மேடுபள்ளத்தைப் பரம எதிரியாகக் கருதுபவர். தோசை ஒருபுறம் தடித்திருந்தாலும் அவருக்குத் தொண்டையில் இறங்காது. அப்படிப்பட்டவர், மைத்துனி சண்முகப்பிரியாவின் திருமணத்துக்கு மனைவி லோகப்பிரியா அணியவேண்டிய பதக்கத்தைத் தாமே செய்து தருவதாக மாமனார் வீட்டார் முன்னிலையில் அறிவித்துவிட்டார். லோகப்பிரியாவும் அதை நம்பி, நகைக்கடைப் பக்கமே போகவில்லை.

சித்தம்பூண்டியிலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கல் அது. தயிர்ச்சோற்றில் மாதுளை முத்துகளைத் தூவியதுபோல, வெள்ளைப் பாறைக்குள் மாணிக்க இனத்துச் சிவப்புக் குருந்தம் பதிந்திருக்கும். எங்கும் எளிதில் கிடைப்பதன்று. அழகில் குறையில்லை, குணத்தில்தான் ஒற்றுமை இல்லை. குருந்தம் வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் உடையது, வெள்ளையோ அதைவிட மென்மையானது. ஆகவே, தேய்க்கத் தேய்க்க வெள்ளை இறங்கிற்று. சிவப்பு தலைநிமிர்ந்து நின்றது. வைரத்தூள் வாங்கித் தேய்த்தார். மேடு குறைந்ததேயன்றி மறையவில்லை. மேடுபள்ளம் காட்டும் பட்டறையின் டயல் கேஜை வைத்துப் பார்ப்பார், முள் துள்ளும், மீண்டும் தேய்ப்பார். அதிரசத் தடிமனில் தொடங்கிய கல்வில்லை தட்டுவடைத் தடிமனுக்கு வந்துவிட்டது.

திருமணத்துக்கு முந்தைய நாள் காலையில் லோகப்பிரியா பட்டறைக்கே வந்துவிட்டார்.

“ஏனுங்க, நீங்க செய்யறது பதக்கமுங்களா, அப்பளமுங்களா?”

“இன்னும் அஞ்சாறு மைக்ரான் எறக்கிப்போட்டாச் சரியாப்போயிரும் அம்மணி. செவப்பு தூக்கிட்டு நிக்குதில்ல?”

“நிக்கட்டுமுங்க. என்ற கழுத்துல என்ன பம்பா ஓடப்போகுது, தண்ணி ஒழுகறதுக்கு?”

லோகப்பிரியா கல்லைப் பிடுங்கிக்கொண்டு ராஜவீதி வெள்ளி ஆசாரியிடம் போனார். கடைக்குள் விட்டால் ஆசாரியின் அரத்தைக் கேட்டு வாங்கிவிடுவார் என்று கணவரை வண்டியிலேயே உட்காரவைத்தார்.

மறுநாள் பெருந்துறை மண்டபத்தில், லோகப்பிரியாவின் அத்தை வெங்கடலட்சுமி பதக்கத்தைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“என்ன கண்ணு, செவப்பெல்லாம் கையில நெரடுது?”

பின்னால் நின்ற கிருபாசங்கர் மெல்ல நழுவப் பார்த்தார்.

“அதுதானுங்க அத்தை இந்தக் கல்லோட கொணமே. நெரடாட்டி அசல் இல்லீன்னு எங்கூட்டுக்காரரு சொல்லுவாருங்க.”

கிருபாசங்கர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஆயினும், பந்திக்கு இலை போடுவதற்குள் மாப்பிள்ளை வீட்டாரை ஒவ்வொருவராக அழைத்துவந்து, “தொட்டுப் பாருங்க, நெரடுதுங்களா? அசலுங்க!” என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.