சுன்ஹீ டீச்சரின் வலது மணிக்கட்டு

பாங் சுன்ஹீ டீச்சருக்குப் பயம் உடம்போடு பிறந்தது. அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியிலிருந்து வீடு திரும்புகிற ரகம். தென்கொரியாவின் ஜொன்ஜு நகரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் மனையியல் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்த மறுநொடி அவர் மனதுக்குள் ஒரு விபத்து நடந்து, ஆம்புலன்ஸும் வந்து போய்விடும். பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் கோபம் வரும். அது முன்னெச்சரிக்கை என்பார். இப்படிப்பட்டவர் கையில்தான் மகள் அந்த ஸ்மார்ட் வாட்சைக் கட்டிவிட்டாள்.

மகள் யூரிம் சியோலில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் கைபேசி எப்போதும் பையின் அடியில், கைக்குட்டைக்கும் மாத்திரை அட்டைக்கும் கீழே கிடக்கும். பத்து முறை கூப்பிட்டால் ஒரு முறை எடுப்பார். இனிமேல் தப்பிக்க முடியாது, கூப்பிட்டால் கையிலேயே வரும் என்று சொல்லி, தன் கணக்கிலேயே அந்தக் கடிகாரத்துக்கு ஒரு தனி இணைப்பும் வாங்கிப் போட்டாள். தனி இணைப்பு என்றால் என்னவென்று சுன்ஹீ டீச்சர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. ஒரு அழைப்பு வந்தால் பையில் கைபேசி அலறும், கூடத்தில் டேப்லெட் அலறும், கையில் கரப்பான் ஏறினாற்போல இது அதிரும். பாத்திரம் கழுவும்போது அதிர்ந்து இரண்டு கிண்ணங்கள் உடைந்தன. திரையை ஒரு பக்கம் தள்ளினால் அழைப்பைத் துண்டிக்கும், மறு பக்கம் தள்ளினால் பேசும். எந்தப் பக்கம் எது என்பது மட்டும் அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருந்தபோது அது அதிர, பதறிப்போய்த் தப்பான பக்கம் தள்ளிவிட்டார். சோயா முளை சூப் கடை நடத்தும் அவர் கணவர் தேகிலின் குரல் மணிக்கட்டிலிருந்து கணீரென்று வந்தது. "ஏம்மா, அந்த முள்ளங்கிக் கிம்ச்சிய எந்த டப்பால வச்ச?"

அதற்கப்புறம் ஒரு மாதம், முள்ளங்கி கிடைத்ததா டீச்சர் என்று கேட்காத ஆளில்லை. கழற்றி வைத்தாலும் விடாது. கழற்றினால் மகளின் கைபேசியில் தெரிந்துவிடும், உடனே கூப்பிட்டு ஏன் கழற்றினாய் என்பாள்.

நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு வந்தது. மேற்பார்வைக்கு நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களையும் இழுத்துப் போடுவார்கள். அந்த வேலையிலிருந்து தப்பிக்க மருத்துவச் சான்றிதழ் வாங்காதவர்கள் குறைவு. பன்னிரண்டு வருடம் படித்த படிப்பைப் பிள்ளைகள் ஒரே நாளில் கொட்டுகிறார்கள். மேற்பார்வையாளர் இருமினார், செருப்பு கிறீச்சிட்டது, சென்ட் வாசனை அடித்தது என்று பெற்றோர் வழக்குப் போடுவார்கள். பட்டியலில் சுன்ஹீ டீச்சரின் பெயரும் வந்தது. மெத்தென்ற அடியுள்ள காலணி வாங்கி, வீட்டுச் சமையலறையில் மேலும் கீழும் நடந்து, சத்தம் கேட்கிறதா என்று தேகிலை நச்சரித்தார்.

"நீ நடக்கறது கேக்கல. நீ கேக்கறதுதான் கேக்குது" என்றார் அவர்.

தேர்வு அறையில் சுவர்க் கடிகாரம் இருக்காது. முள் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் மட்டும்தான் கட்டலாம். மின்னணுப் பொருள் எதுவும் ஆகாது. மாணவன் சட்டைப் பையில் அணைத்து வைத்திருந்தாலும் அந்த வருடத் தேர்வே செல்லாது, வெளியே போக வேண்டியதுதான். ஆகவே முதல் நாள் இரவு சுன்ஹீ டீச்சர் தன் பழைய முள் கடிகாரத்தைத் தேடி எடுத்தார். இடது கையில் கட்டி அளவு பார்ப்பதற்காக, ஸ்மார்ட் வாட்சை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். அப்படியே தூங்கிப்போனார். காலையில் தேர்வு நாளுக்கே உரிய குளிர். இறுக்கமான கம்பளி உள்சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர். தேர்வு அலுவலகத்தில் கைபேசியை உறையில் போட்டுக் கொடுத்தார். இடது மணிக்கட்டைப் பார்த்தார். முள் ஓடிக்கொண்டிருந்தது. மனசு நிறைந்தது.

காலை வேளை அமைதியாகப் போயிற்று. மதிய உணவுக்குப் பின் ஆங்கிலம். ஒலிபெருக்கியில் வரும் பேச்சைக் கேட்டு விடை எழுதும் பகுதிதான் முதலில். அந்த நேரத்தில் நாட்டில் விமானங்கள்கூட ஏறி இறங்காது. முன்னால் கூ சங்பில் என்ற இளம் உடற்பயிற்சி ஆசிரியர் நின்றார். பின்னால், கடைசி வரிசை ஓரத்தில் சுன்ஹீ டீச்சர். அவருக்கு நேர் முன்னே கியூமின் என்ற பையன். மூன்றாவது முறையாக எழுதுகிறான் என்பது பிறந்த வருடத்தைச் சரிபார்த்தபோதே தெரிந்தது. தடித்த கறுப்புக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டியிருந்தான்.

பாதிக் கேள்விகள் போயிருக்கும். வலது மணிக்கட்டு அதிர்ந்தது.

ஒரு நொடி அவருக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது: நேற்றிரவு வலது கைக்கு மாற்றிய ஸ்மார்ட் வாட்ச் உள்சட்டைக்குள் அப்படியே இருக்கிறது. கைபேசியை ஒப்படைத்த பிறகு இது எப்படிக் கூப்பிடும்? தனி இணைப்பு என்று மகள் சொன்னது, கைபேசி இல்லாமலே கூப்பிடும் என்பதைத்தானா? ஊசி விழுந்தால் கேட்கும் அறையில் கையில் வண்டு போல அது உறுமியது. துண்டிக்கலாம் என்றால், எந்தப் பக்கம்? தப்பான பக்கம் தள்ளினால் யாரோ ஒருவரின் குரல் இந்த அறைக்குள் பேசும். கையை அக்குளுக்குள் இறுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக் காத்திருந்தார். அதிர்வு நின்றது. நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள் மறுபடி ஆரம்பித்தது.

கியூமினின் பேனா நின்றுவிட்டது. அவன் கேட்டுவிட்டான். காது மடல் சிவந்து, கழுத்து விறைத்து, தலை லேசாகத் திரும்பி மறுபடி நேரானது. போச்சு என்று சுன்ஹீ டீச்சர் நினைத்தார். புகார், விசாரணை, நாளிதழில் பெயர் போடாமல் ஒரு செய்தி, ஆனால் ஊரெல்லாம் யாரென்று தெரியும். வேலை போகும், ஓய்வூதியம் போகும், தேகிலின் கடைக்குள் நுழைந்து யாராவது திட்டுவார்கள். ஒலிபெருக்கியில் ஒரு ஆணும் பெண்ணும் ஏதோ விருந்தைப் பற்றி ஆங்கிலத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவந்த காது மட்டும்தான்.

ஒலிபரப்பு முடிந்தது. எல்லாரும் தாளைப் புரட்டினார்கள். கியூமின் கையைத் தூக்கினான்.

சங்பில் ஓசையில்லாமல் வந்து குனிந்தார். பையன் தன்னைத்தான் கைகாட்டப் போகிறான் என்று சுன்ஹீ டீச்சர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"சார், என் கோட்ல ஏதோ அதிருது" என்றான் பையன். குரலே எழும்பவில்லை. "இது தம்பியோட கோட்டு. குளிருதுன்னு காலைல மாட்டிக்கிட்டு வந்துட்டேன். அவன் எதையாவது பாக்கெட்ல விட்டிருப்பான். வேணும்னு கொண்டு வரல, சார்."

சங்பில் கதவுப் பக்கம் கை காட்டினார். தாழ்வாரத்து மேற்பார்வையாளர் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு உள்ளே வந்தார். சுன்ஹீ டீச்சருக்குக் கணக்குப் புரிந்தது. கோட்டைச் சோதிப்பார்கள். ஒன்றும் கிடைக்காது. பையன் ஏதோ பிரமை என்று உட்கார்ந்துவிடுவான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. வாழ்நாள் முழுக்க அவரை வழிநடத்திய பயம் இப்போதும் காதோரமாக அதையே சொன்னது.

ஆனால் கியூமின் சோதனைக்குக் காத்திருக்கவில்லை. பேனாவுக்கு மூடி போட்டான். கேள்வித்தாளை மூடி, ஓரம் சேர்த்து நேராக வைத்தான். எழுந்து, கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வெளியே போகத் தயாராக நின்றான். கண்ணீர் வழிவதைத் துடைக்கக்கூட இல்லை.

சுன்ஹீ டீச்சர் கையைத் தூக்கினார், மாணவி மாதிரி. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது என்னோடது" என்றார். "அவன்கிட்ட ஒண்ணுமில்ல."

ஸ்வெட்டர் மேலே போயிற்று, கம்பளிச் சட்டையின் கை ஏறவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். கறுத்த சின்னத் திரை வெளியே வந்தது. சங்பில் அதைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"நெசமாவா டீச்சர்?" என்று கியூமின் கேட்டான். "என் கோட்ல இல்லையா?"

"இல்லப்பா. நீ உக்காந்து எழுது."

அவரை அழைத்துப்போய்த் தேர்வு அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு, நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். கூப்பிட்டது யார் என்று பார்த்தார்கள். குடிநீர் வடிகட்டியை வாடகைக்கு விடும் விளம்பர அழைப்பு. கல்வி அலுவலகத்துக்குச் செய்தி போகும், தண்டனை உண்டு, என்னவென்று இப்போது சொல்ல முடியாது என்றார் பொறுப்பாளர். சுன்ஹீ டீச்சர் தலையாட்டினார். பயந்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றபோதும் அழுகை வரவில்லை. அந்தப் பையன் பாதியில் நிறுத்திய பேனாதான் கண்ணுக்குள் நின்றது.

இருட்டிய பிறகு, எல்லாத் தேர்வும் முடிந்து சங்பில் தன் கைபேசியை வாங்க வந்தார். அவரைப் பார்த்ததும் தயங்கினார். அந்தப் பையன் எப்படி எழுதினான் என்று சுன்ஹீ டீச்சரே கேட்டார்.

"அதிர்ந்ததுக்கு அப்புறம் எதுவுமே காதுல விழலயாம், டீச்சர். மிச்சத்துக்கெல்லாம் ஒரே விடைய நிரப்பிட்டானாம்."

"என் மேல புகார் எழுதிக் குடுத்தானா?"

"இல்ல. எழுதச் சொல்லித்தான் பாத்தோம்." சங்பில் கோட்டு ஜிப்பை மேலேயும் கீழேயும் இழுத்தார். "வெளிய போக விடாம உண்மையச் சொன்னீங்கன்னு சந்தோஷமா இருக்கான். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னான்."

அதைக் கேட்ட பிறகுதான் சுன்ஹீ டீச்சர் அழுதார்.