கண் மூடின படம்

காமிராவைத் தூக்கினால் போதும், என் மனைவி கண்ணை மூடிவிடுவாள். "தானா மூடிக்கிடுது, நான் என்ன செய்ய?" என்பாள். நானோ ஆபீஸ் விட்ட நேரமெல்லாம் காமிராவும் கையுமாக அலைந்தவன். ஞாயிறு காலைகளில் டில்லி லோதி ரோட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்துப் பூங்காவில் ஏழெட்டுத் தமிழர்கள் கூடி, ஒருவர் எடுத்த படத்தை மற்றவர் கிழிகிழியென்று கிழிப்போம். அதில் பெரிய வாய் எனக்குத்தான். கம்ப்யூட்டரில் முகத்தை மெழுகுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. "நல்லா இருந்தா வை, இல்லாட்டி அழி. சாயம் பூசாதே" என்பேன். ரயில்வேயில் இருந்த நண்பர் ஒருவர் மட்டும், "பொண்டாட்டி மூஞ்சியில ஒரு பருவை எடுத்தா என்னய்யா குடி முழுகிடும்?" என்று கேட்பார். நான் எகிறுவேன்.

வீட்டிலும் அதே வேதம்தான். மனைவியைப் படம் எடுத்த கையோடு பார்த்து, "மறுபடி மூடிட்டியா, சே!" என்று அழித்துவிடுவேன். கடைசியில் அவள் காமிரா முன்னால் நிற்பதையே விட்டுவிட்டாள். "உங்க படத்துக்கு நான் லாயக்கில்ல. பூவை எடுங்க" என்று சிரித்தாள். அதை வெறும் சிரிப்பென்று நினைத்தேன், மடையன்.

போன குளிர்காலத்தில் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போடப் படம் வேண்டுமே. என் கம்ப்யூட்டரில் மயில் இருந்தது, கோபுரம் இருந்தது, முகம் தெரியாத ரிக்‌ஷாக்காரர்கள் இருந்தார்கள். அவள் இல்லை. மருத்துவ அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கினால் கலங்கிப் போயிற்று. மகளின் போனில் மட்டும் ஒன்று இருந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலைக் கொத்தை மோந்துகொண்டு, கண்ணை மூடிச் சிரிக்கிறாள். எடுத்த அன்றே மகள் என்னிடம் காட்டினாள். "பின்னால அரிசி மூட்டை துருத்திக்கிட்டு நிக்குது, கண்ணும் மூடியிருக்கு, அழிச்சிடு" என்றேன். நல்லவேளை, அவள் அழிக்கவில்லை.

அப்படியே போட்டுவிடலாம் என்றாள் மகள். "ரஹ்னே தோ அப்பா, இருக்கட்டும். அம்மா இப்படித்தான இருப்பா."

ஊரிலிருந்து வந்திருந்த என் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "மாலை போடுத படத்துல கண்ணு மூடியிருக்கலாமாடே? பாக்கச் சகிக்குமா?"

எனக்கும் சகிக்கவில்லை. ஐஸ் பெட்டிக்குள் அந்த மூடின கண்ணைப் பார்த்தவன் நான். கோல் மார்க்கெட் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துக் கண்ணைத் திறந்துவிடலாம் என்றேன்.

"போட்டோவைத் தொடக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானப்பா?"

"வாயை மூடு!" என்று கத்தினேன். அம்மா போன பத்தாம் நாள், பெற்ற மகளைப் பார்த்து அப்படிக் கத்தினேன்.

"ஹோ ஜாயேகா அங்கிள்", செய்துவிடலாம் என்று மகளின் போனிலிருந்தே படத்தை ஏற்றிக்கொண்டார் ஸ்டுடியோக்காரர். மறுநாள் சட்டம் போட்டே கொடுத்தார். மூட்டை இல்லை, கறிவேப்பிலை இல்லை. நிறம் இரண்டு மடங்கு வெளுத்திருந்தது. கண் அகலத் திறந்திருந்தது, யார் கண்ணோ. "உயிரோட பாக்க மாதிரில்லா இருக்கு!" என்று அக்கா அழுதாள். வந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

இப்போது கூடத்துச் சுவரிலிருந்து அந்தப் பெண்பிள்ளை இமைக்காமல் என்னைப் பார்க்கிறாள். அவளுக்கு என்னைத் தெரியாது. சாப்பிடும்போது முதுகைக் காட்டி உட்காருகிறேன்.

பழைய படத்தைக் கேட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். போன வாரம், புனேயில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் செய்தேன். "அம்மா கறிவேப்பிலை மோந்துட்டு நிப்பாளே, அந்தப் படத்தை அனுப்பும்மா."

"வேணாம்பா. அதுலயும் ஏதாவது குறை சொல்வீங்க."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்" என்று கெஞ்சினேன். வைத்துவிட்டாள்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அனுப்பியிருந்தால் முதலில் அந்த அரிசி மூட்டையைத்தான் பார்த்திருப்பேன்.