மெர்வின் ஹாலட் கொண்டுவந்த இரண்டு டின்

மிலபூரா என்ற ஊருக்குக் கிளெனிஸ் குடிவந்து, சபைக்குப் போன முதல் ஓய்வுநாள் அது. ஆராதனை முடிந்ததும் பின்பக்கக் கூடத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் மகள் டில்லி மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு மேசையின் கோடியில் தனியாக இருந்தாள். தட்டு நிறையப் பரிமாறிக்கொண்டு வந்த உயரமான பெரியவர் ஒருவர் அதைப் பார்த்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தன் காருக்குப் போனார். பழைய சாப்பாட்டு டப்பா ஒன்றோடு திரும்பி வந்து, தட்டிலிருந்ததை எல்லாம் அதில் வழித்துப் போட்டுக்கொண்டு டில்லிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கும் டப்பாதான் வசதி. பட்டாணி ஓடாது பாரு" என்றார்.

டில்லி சிரித்துவிட்டாள். அவர்தான் மெர்வின் ஹாலட். அதற்கு முன் அவர் கூடத்தில் டப்பாவில் சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை என்று கிளெனிசுக்குப் பிறகுதான் தெரிந்தது.

டில்லிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஒரு சொட்டு வெண்ணெய் உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். ஒருமுறை ஆண்டவர் கிருபையால்தான் பிழைத்தாள். அன்றிலிருந்து கிளெனிஸ் மகளை யார் வீட்டிலும் சாப்பிட விட்டதில்லை. பிறந்தநாள் விருந்துக்கும் அனுப்புவதில்லை. அவசர ஊசி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும்.

மெர்வின் ஊரில் இருந்த தானிய ஆலையில் மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி லோர்னா இருந்தவரை அடுப்புப் பக்கமே போகாத மனிதர். அவள் கர்த்தருக்குள் நித்திரை அடைந்த பிறகு, சபை விருந்துக்கு அவள் கொண்டுவரும் குக்கீ நின்றுபோகக்கூடாது என்று தாமே கற்றுக்கொண்டார். அந்தச் சபைக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள்; வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அது தொடங்கிவிடும். அதற்குள் சுட்டு முடித்து அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஆரம்பத்தில் பாதி கருகும், பாதி வேகாது. சபையார் முகம் சுளிக்காமல் தின்றார்கள்.

சபையில் சிலரைப் போல அவரும் செடிகொடி உணவு மட்டுமே உண்பவர்; முட்டையும் வெண்ணெயும் அவர் வீட்டுக்குள் வந்ததே இல்லை. ஆளிவிதைப் பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் முட்டை போலக் கொழகொழவென்று வரும். அதோடு எண்ணெய், பழுப்புச் சர்க்கரை, சோயா பால், மாவு. சாக்லேட்டுக்குப் பதில் கேரப். அது ஒரு மரத்துக் காயின் பொடி. பார்க்கச் சாக்லேட் போல இருக்கும், வாயில் போட்டால்தான் தெரியும். சபையில் மூத்தவர்கள் பலர் சாக்லேட்டைத் தொடமாட்டார்கள். அது நரம்பைக் கிளறிவிடுமாம். அவர்களில் மிகவும் கண்டிப்பானவர் டோர்கஸ் சிஸ்டர்.

ஒருநாள் டில்லி மெர்வினிடம், "நிஜச் சாக்லேட் போட்டுச் சுடுவீங்களா?" என்று கேட்டாள். அவர் கிளெனிசைப் பார்த்தார். மெர்வின் வீட்டில் பாலே கிடையாது என்று ஊருக்கே தெரியும். கிளெனிஸ் வெகுநேரம் யோசித்துத் தலையாட்டினாள். மகளுக்காக அவள் வேறொருவர் கையை நம்பியது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஓய்வுநாள் அவர் இரண்டு டின்னோடு வந்தார். ஒன்றில் பெரியவர்களுக்குக் கேரப், இன்னொன்றில் டில்லிக்குச் சாக்லேட். டில்லியின் டின்னை அவள் டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். டில்லி ஒன்றை எடுத்து முழுதும் தின்றாள்.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது கிளெனிஸ், "எந்தச் சாக்லேட் வாங்கினீங்க? நானும் வாங்கிக்கிறேன்" என்றாள்.

"இதோ" என்று சட்டைப் பையிலிருந்து காலிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "கறுப்புச் சாக்லேட்தான். வெள்ளையா இருந்தாத்தானே பால்!"

கிளெனிஸ் பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள். பால் பொருள் சேர்ந்தது என்று போட்டிருந்தது.

வீட்டில் இருப்பது எல்லாமே செடிகொடியிலிருந்து வந்தது என்பதால், அறுபது வயது தாண்டியும் ஒரு பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் மெர்வினுக்கு வந்ததே இல்லை. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

கிளெனிஸ் ஓடினாள். டில்லியைப் பிடித்து உட்காரவைத்து, உதட்டைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். கையில் ஊசி தயாராக இருந்தது. "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!" என்று கத்தினாள். கூடமே எழுந்து நின்றது.

"என் கையால குடுத்துட்டேனே, ஆண்டவரே" என்று மெர்வின் சுவரோடு சாய்ந்துவிட்டார்.

அப்போது டோர்கஸ் சிஸ்டர் மெல்ல எழுந்தார். "பிள்ளை அதைத் தின்னல" என்றார்.

"என்ன சொல்றீங்க?" என்றாள் கிளெனிஸ்.

"டின்னை மாத்தி வெச்சது நான்தான். நீ தண்ணி எடுக்கப் போனப்போ, மெர்வின். வாசனை இழுத்துச்சு." அவர் கழுத்துவரை சிவந்துபோனார். "அது முழுசையும் நாங்க மூணு பேர்தான் தின்னோம். பிள்ளை முன்னாடி இருந்தது கேரப்."

"சாக்லேட்னு தெரியாமலா, சிஸ்டர்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"தெரிஞ்சுதான்யா! போதுமா?"

கிளெனிஸ் டில்லி முன் இருந்த டின்னிலிருந்து ஒன்றை உடைத்து வாயில் போட்டாள். கேரப்தான். பால் கலக்காதது என்று படித்துப் பார்த்து அவள் வீட்டில் வாங்குவதும் அதே கேரப்.

"டில்லி, உனக்கு எப்படிடா இருந்துச்சு?"

"மண்ணு மாதிரி. மெர்வின் அங்கிள் வருத்தப்படுவாருன்னு சொல்லலம்மா."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. கூடம் முழுவதும் சிரிப்பு. கிளெனிஸ் மட்டும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. சாக்லேட் கலந்த பாத்திரத்திலேயே கேரப்பும் கலந்திருந்தால்? "எதை முதல்ல சுட்டீங்க?" என்று மெர்வினைக் கேட்டாள்.

"கேரப்பைத்தான்மா. அது அடுப்புல வேகிறப்போதான் சாக்லேட் பொட்டலத்தையே பிரிச்சேன்."

ஆம்புலன்சில் வந்தவர்களும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அதற்குப் பிறகுதான் கிளெனிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. டோர்கஸ் சிஸ்டர் பக்கத்தில் வந்து அவள் முதுகைத் தடவினார். "என் மேல கோபமா?" என்று கேட்டார். கிளெனிஸ் அவரைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெருந்தீனியைக் கொண்டும் ஆண்டவர் காப்பாற்றுவார் என்று அன்று கூடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். டோர்கஸ் சிஸ்டரும் சிரித்தார்.

மெர்வின் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் சபைக்கு வெறுங்கையோடு வந்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை கிளெனிஸ் அவர் வாசலில் போய் நின்றாள். "எங்க வீட்டு அடுப்புல வந்து சுடுங்க. நீங்க கலக்குங்க, நான் பொட்டலத்தைப் படிக்கிறேன்" என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அன்று பால் கலக்காத சாக்லேட்டில் சுட்ட குக்கீ கொஞ்சம் பரந்து, ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று வந்தது. பொழுது சாய்வதற்குள் அடுப்பை அணைத்தாயிற்று. டில்லி கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மெர்வின் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் இன்னொன்று கேட்டதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் அப்படித்தான்.

சில வருடங்களில் அவருக்கு முழங்கால் தேய்ந்து தனியாக இருக்க முடியாமல் போனது. டாஸ்மேனியாவில் இருந்த தங்கை வந்து அழைத்துப்போனாள். ரயில் நிலையத்தில் டில்லி அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். அடுத்த வாரம் பள்ளித் தோழி வீட்டில் ஓர் இரவு தங்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கிளெனிஸ் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

மெர்வின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அனுப்பி வைம்மா. உன் பயம் போறப்போ போகட்டும், அதுவரைக்கும் பயந்துக்கிட்டே அனுப்பு."