கரண்ட் இல்லாத நாளில் ஒரு கண் முகாம்

1. புதன்கிழமை ஏழு மணி

எங்கள் சேவைச் சங்கத்தின் வாராந்திரக் கூட்டம் புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு என்று அழைப்பிதழில் இருக்கும். ஏழரைக்கு முன்னால் வருகிறவர் ஒரே ஒருவர், அது செயலாளர். கருமத்தம்பட்டியில் பிரிண்டிங் பிரஸ் வைத்திருந்த நான் அந்தப் பொறுப்பில் பல வருஷம் இருந்தேன். நோட்டீஸ் அடிக்க வந்தவர்கள், "நீங்களே செயலாளரா இருந்துட்டீங்கன்னா புரூஃப் பாக்க நாங்க அலைய வேண்டியதில்லீங்க" என்று சொல்லி என்னையே உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது பிரஸ்ஸை மகள் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு நேரம் இருக்கிறது. புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் முகாம் நடத்துவது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் இதை எழுதுகிறேன்.

கூட்டத்தின் வரிசை எந்த ஊரிலும் ஒன்றுதான். தலைவர் மணி அடிப்பார். பிரார்த்தனை, வருகைப் பதிவு, அந்த வாரத்துப் பிறந்தநாள்களுக்கும் கல்யாண நாள்களுக்கும் கைதட்டல், சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, அவர் பேச்சு, பிறகு நன்றியுரை. நன்றி சொல்ல வருகிறவர் "ரெண்டே வார்த்தை" என்று ஆரம்பித்தால் நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். பின்கட்டிலிருந்து சந்தகையும் தேங்காய்ப்பாலும் மணந்தால்தான் அவர் நிறுத்துவார். கிண்டல் பண்ணுகிறேனே தவிர, அந்தப் புதன்கிழமைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாரம் முழுக்கத் தொழில் தொழில் என்று ஓடுகிற மனுஷர்கள் ஒரு மணி நேரமாவது ஊரைப் பற்றிப் பேசுவார்கள்.

அப்படி ஒரு புதன்கிழமையில்தான் பொன்னுசாமி எழுந்தார். பொன்னுசாமி எங்கள் உறுப்பினர், விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறார். தறி ஓட்டும் தொழிலாளியாக இருந்து சொந்தத் தறி போட்டவர்.

"என்ற கிட்ட மாராத்தான்னு ஒரு பொம்பளை ரொம்ப வருசமா ஓட்டறா. நல்ல வேலைக்காரி. இப்பக் கொஞ்ச நாளா நெய்யற துணியெல்லாம் கோடுங்க. இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியமாட்டேங்குது. துணி எடுக்கறவன் அப்படியே திருப்பி அனுப்பறான். நானும் எத்தனை நாளைக்குங்க பாக்கறது? தறியில இருக்கற பாவோட நிறுத்திக்கன்னு சொல்லிப்போட்டேன்."

பாவு என்பது தறியில் ஏற்றிய நூல். அது நெய்து தீர்ந்தால் மாராத்தாளுக்கு வேலை இல்லை. கூடத்துக்குப் பின்னாலிருக்கும் லைன் வீடு தறி ஓட்டுகிறவர்களுக்குத்தான் என்பதால், வேலை போனால் வீடும் இல்லை. கணவன் இறந்து தனியாக இருக்கும் அம்மாள். பொன்னுசாமி கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவருக்கே முகம் சரியில்லை.

"நம்ம கண் முகாமுக்கு வந்திருக்கலாமில்ல? வருசா வருசம் நடத்தறோமே" என்றார் தலைவர் ரங்கநாதன். நூல் மில் வைத்திருப்பவர்.

"நீங்க ஞாயித்துக்கிழமையில வைக்கறீங்க. அன்னைக்குத்தான் தறிக்காரங்க துணி தொவைக்கறது, சந்தைக்குப் போறது, சொந்தக்காரங்க, ஒறம்பரைன்னு ஊட்டுக்குப் போறது. மத்த நாள்ல தறிய உட்டுட்டு வந்தா கூலி போயிருமுங்க. நெய்யற மீட்டருக்குத்தானுங்க கூலி."

 ரங்கநாதன் மேஜையைத் தட்டினார். "மாசத்துல ஒரு நாள் பராமரிப்புக்குன்னு கரண்ட்ட நிறுத்தறாங்களே, அன்னைக்கு வெச்சா? ஒரு தறி ஓடாது. அத்தனை பேரும் சும்மாதான் உக்காந்திருப்பாங்க."

கைதட்டல் எப்படிப்பட்ட கைதட்டல் என்கிறீர்கள். எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். அந்த அறையில் முக்கால்வாசிப் பேர் கரண்டை வைத்துப் பிழைப்பவர்கள். மின்தடை என்றால் தறி ஓடாது, அவ்வளவுதான் எங்கள் மண்டையில் ஏறியிருந்தது. நோட்டீஸ் என் பிரஸ்ஸில்தான் அடித்தது. "மின்தடை நாளை முன்னிட்டு மாபெரும் இலவசக் கண் சிகிச்சை முகாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டோம். வாட்ஸ்அப்பிலும் ஊரெல்லாம் சுற்றியது. ஒரு ஜீவன்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

2. பிளக் பாயிண்ட் எங்கேங்க?

முகாம் நாளன்று சமுதாயக்கூடத்தில் நிற்க இடமில்லை. எங்கள் சங்கத்தின் முகாமுக்கு அப்படியொரு கூட்டம் நான் பார்த்ததே கிடையாது. எல்லாம் தறிக்காரர்கள், தலையில் பஞ்சுத் தூசியோடு வந்தவர்களும் உண்டு. மாராத்தாளைப் பொன்னுசாமியே எனக்குக் காட்டினார். ஐம்பது வயதைத் தாண்டிய மெலிந்த அம்மாள், மடியில் சோற்றுத் தூக்கை வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் எல்லோரும் சங்கத்தின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு குத்துவிளக்கு ஏற்றினோம். மைக் செட் பேட்டரியில் ஓடியதால் அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த டாக்டரம்மா இளம் வயது. நாங்கள் பொன்னாடை போர்த்திய கையோடு, பெரிய பெட்டிகளைத் திறந்து கருவிகளை மேஜைமேல் எடுத்து வைத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சார், பிளக் பாயிண்ட் எங்கேங்க?"

நான் சுவரைக் காட்டினேன். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. ரங்கநாதன் என்னைப் பார்த்தார், நான் பொன்னுசாமியைப் பார்த்தேன்.

"இன்னைக்குக் கரண்ட் இல்லீங்கம்மணி" என்றேன்.

"எப்ப வருங்க?"

"பொழுதோட, சாயங்காலந்தான் வருமுங்க."

அந்தப் பெண் சிரிக்கவும் முடியாமல் திட்டவும் முடியாமல் நின்றார். தலைவர் அவசரமாக வெளியே போய் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர்களுக்குப் போன் போட்டார். அன்று நல்ல முகூர்த்தம். ஊரில் இருந்த ஜெனரேட்டர் எல்லாம் கல்யாண வீட்டில் இருந்தது. அவர் மில்லில் இருப்பதோ நகர்த்த முடியாத பெரிய செட்டு. அடுத்து, தெரிந்த அதிகாரிகளுக்கெல்லாம் போன் போட்டு, கொஞ்சம் சீக்கிரம் கரண்ட் கிடைக்குமா என்று கேட்க ஆரம்பித்தார்.

டாக்டரம்மாதான் எங்கள் மானத்தைக் காப்பாற்றினார். "கண்புரை முத்தியிருந்தா டார்ச்சுலயே தெரியும் சார். ஆபரேஷன் வேணுங்கறவங்கள சாயங்காலம் எங்க பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போயிடறோம். ஆனா மெதுவாத்தான் போகும். எல்லாரையும் பொறுமையா உக்காரச் சொல்லுங்க."

தறி ஓடாத நாளில் பொறுமைக்கு என்ன பஞ்சம். வரிசை நத்தை மாதிரி நகர்ந்தது. நாங்கள் மோர் கொடுத்தோம், விசிறி வீசினோம். மாராத்தாளுக்கு முன்னால் சில பேர்தான் மிச்சம்.

3. மின்விசிறி சுற்றியபோது

உச்சி வெயிலில் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. மேஜைமேல் இருந்த கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. நாங்கள் எல்லோரும் மறுபடியும் கைதட்டினோம். தன் போனால்தான் வந்தது என்று ரங்கநாதன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால் கொடுத்தோம் என்று லைன்மேன் என்னிடம் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் தெருவில் ஒரு தறி ஓடும் சத்தம் கேட்டது. அடுத்தது பக்கத்துச் சந்தில். பிறகு ஊர் முழுக்க. வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பைகளை எடுத்துக்கொண்டார்கள். கண்ணெதிரே கூடம் காலியாக ஆரம்பித்தது. காலையிலிருந்து எதை வேண்டிக்கொண்டோமோ அது வந்து எங்கள் முகாமைக் கலைத்துக்கொண்டிருந்தது.

மாராத்தாளும் எழுந்துவிட்டார். நான் வாசலில் மறித்தேன்.

"ஏனுங்கம்மணி, அடுத்தது நீங்கதானுங்களே? ஒரு நிமிசம் உக்காருங்க."

"இல்லீங்க, நான் போறேனுங்க. தறி ஓடறப்ப நான் இங்க உக்காந்திருந்தா நல்லாருக்காதுங்க. ஏற்கெனவே நிறுத்தறேன்னு சொல்லியிருக்காரு. இன்னைக்கு வல்லைன்னா அதையே சாக்காச் சொல்லி நாளைக்கே நிறுத்திப்போடுவாருங்க."

அதைச் சொன்னபோது பொன்னுசாமி அந்த அம்மாளுக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தார். மங்கிய கண்ணுக்கு நீலக் கோட்டுக்குள் இருப்பது யார் என்று தெரியவில்லை.  இந்த ஒரு அம்மாளுக்காகத் தேதி மாற்றி, நோட்டீஸ் அடித்து, டாக்டரைக் கூட்டி வந்து, கடைசியில் வாசலோடு அனுப்பப்போகிறோமே என்று கோபம் கோபமாக வந்தது. எங்கள் ஊரில் கோபத்திலும் 'ங்க' போகாது.

"ஏனுங்க பொன்னுசாமி, உங்குளுக்குத் தறி ஓட்டத் தெரியுமா, இல்ல மொதலாளி ஆனதும் மறந்துபோச்சுங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

 அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே மாராத்தாளின் முன்னால் வந்து நின்றார்.

"மாராத்தா, நான்தான். நீ போயி உக்காரு. உன்ற தறிய இன்னைக்கு நான் ஓட்டறேன். கூலி உன்ற கணக்குலதான்."

"ஐயோ, நீங்க எதுக்குங்க மொதலாளி."

"உக்காருங்கறேன்ல."

சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதைப் பார்த்து, தறி வைத்திருந்த மற்ற உறுப்பினர்களும் ஒவ்வொருவராகக் கோட்டைக் கழற்றினார்கள். "எங்க கூடத்து ஆளுங்க யாரும் போக வேண்டாம், நாங்க போயிக்கறோம்" என்று ஒருவர் மைக்கிலேயே சொன்னார். நாற்காலிகள் மேல் நீலக் கோட்டுகள் குவிந்தன. ரங்கநாதனுக்குத் தறி ஓட்டத் தெரியாது. மில்லில் பிறந்து வளர்ந்தவர். அவரும் சும்மா இருக்கவில்லை, சங்கத்தில் இல்லாத தறி முதலாளிகள் வீட்டுக்கெல்லாம் நடையாய் நடந்து, "ரெண்டு மணி நேரம் உங்க ஆளுங்கள உடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தார். நூற்றுக்கணக்கான பேருக்கு வேலை கொடுக்கும் மனுஷர், வெயிலில் வேர்த்து வேட்டி நனைய நடந்தார். எனக்கு அன்று அவர்மேல் வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

வரிசை மறுபடியும் நிறைந்தது. டாக்டரம்மா மாராத்தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், "ரெண்டு கண்ணும் நல்லா முத்தியிருக்குங்க சார். இவ்வளவு நாள் எப்படி வேலை செஞ்சாங்கன்னே தெரியலை. இன்னைக்கே கூட்டிட்டுப் போறோம். மொதல்ல ஒரு கண்ணு, அப்பறம் இன்னொண்ணு."

பஸ் கிளம்பும் நேரத்தில் பொன்னுசாமி வந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் பஞ்சு. மாராத்தாள் ஜன்னலோரம் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"நான் வாரவரைக்கும் தறி யாருங்க?" என்று கேட்டார்.

"நான் பாத்துக்கறேன். நீ தைரியமாப் போயிப்போட்டு வா. தறியும் எங்கியும் போயிராது, உன்ற வீடும் எங்கியும் போயிராது."

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

4. பொன்னாடைக்குப் பிறகு

அதன் பிறகு எங்கள் முகாம் ஏற்பாட்டில் ஒரு வரி கூடிவிட்டது. சாப்பாடு யார், ஷாமியானா யார், மைக் யார் என்று கேட்கும்போதே "தறி யார்?" என்றும் கேட்போம். கை தூக்கிய உறுப்பினர்கள் அன்று முகாமுக்கு வரமாட்டார்கள், தறிக்கூடத்துக்குப் போவார்கள். போட்டோவில் அவர்கள் முகம் இருக்காது. நான் கற்றுக்கொண்டது இதுதான்: முகாமுக்குத் தேதி குறிக்கும்போது நடத்துகிறவர்களுக்கு எது தோது என்று கேட்டால் போதாது. வருகிறவர் எதை விட்டுவிட்டு வருகிறார், அதை அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்க வேண்டும். புதிய செயலாளர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக நடக்கும்.

ஜெனரேட்டர் விஷயத்தையும் மறக்காதீர்கள்.

இரண்டு கண்ணும் தேறி வேலைக்குத் திரும்பிய பிறகு மாராத்தாளை ஒரு புதன்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம். பொன்னாடை போர்த்தி, ரங்கநாதன் பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்தார். பிறகு, "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார். அவர் திருதிருவென்று விழித்தார். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, முன்வரிசையில் பொன்னுசாமியைக் கண்டதும் நிறுத்தினார்.

"எல்லாரும் நல்லாருக்கோணுமுங்க. வேற என்னங்க சொல்றது. நேத்து எங்க கூடத்து மூலையில ஒரு துணி மடிச்சுக் கெடந்துதுங்க. விரிச்சுப் பாத்தா மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கோடு. நான் கண்ணு தெரியாம தறியில நெஞ்சதாக்கும்னு மனசு கஷ்டமாப் போயிருச்சுங்க. அப்பறம் கேட்டா, நான் ஆசுபத்திரியில இருந்தப்ப எங்க மொதலாளி நெஞ்சதாமுங்க."

கூடமே அதிர்ந்து சிரித்தது. பொன்னுசாமிதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். பிறகு எழுந்து நின்று, கையைக் கூப்பி மாராத்தாளைப் பார்த்துச் சொன்னார்.

"கோடு உழுந்ததுக்கு ஆள நிறுத்தறதுன்னா, மொதல்ல என்னையத்தான் நிறுத்தோணும் மாராத்தா."