அவர் பார்த்த கை

கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் "லென்ஸ் அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். பின்பக்க அறையில் உட்கார்ந்து, லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது வேலை. நாற்பதைத் தாண்டிய பிறகு, எங்கிருந்தோ வந்து மேஜிக் பைத்தியம் பிடித்துக்கொண்டது. போனில் பார்த்துப் பார்த்து நாணயத்தை மறைக்கப் பழகினாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் அவள் நிற்க ஆரம்பித்தால் மகள் வந்து கதவைத் தட்டுவாள்.

"அம்மா, உள்ள குளிக்கிறியா, குடித்தனமே நடத்துறியா?"

அலுக்காமல் பார்த்தவர் கணவர் மட்டும்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அவள் கையையே பார்த்தபடி இருப்பார். "இப்ப தெரியுது." "இப்ப தெரியல." அதற்கு மேல் பேசமாட்டார். தொடர்ந்து பல நாள் அவர் "தெரியல" என்றே சொன்னபோது, "அப்ப தெருவுல பண்ணலாமாங்க?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டாள். அவர் உடனே தலையாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, வண்டிகளை உள்ளே விடாத கடைத்தெருவில், பூட்டியிருந்த வங்கியின் படிக்கட்டருகே மடக்கு மேசையைப் போட்டாள். "நான் யாரோ மாதிரி நிக்கிறேன். நீ தைரியமா பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கணவர் எதிரே இருந்த விளக்குக் கம்பத்தின் பக்கம் போய்விட்டார்.

தைரியம் வரவில்லை. பைகளோடு போனவர்கள் அவளை ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். மேசையை மடக்கிவிடலாமா என்று கை போனபோது, செருப்பு வார் அறுந்துபோன ஒரு பெண் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தாள். அவளிடம்தான் முதல் வார்த்தை வந்தது.

"ஒரு சின்ன வித்தை காட்டட்டுமாம்மா? பிடிக்கலேன்னா எழுந்து போயிடுங்க."

"செருப்பு இப்படி இருக்கு, எங்க போறது? காட்டுங்க."

நாணயத்தை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றுவதுபோல் காட்டி இடது உள்ளங்கையிலேயே நிறுத்திக்கொள்வதுதான் வித்தை. வலது கையை விரித்தபோது அது காலியாக இருந்தது. அந்தப் பெண் "ஐயோ!" என்று கத்திய கத்தலில் நாலு பேர் நின்றார்கள். அடுத்த தடவைக்குச் சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது. பின்னாலிருந்து ஓர் ஆள் இடித்துக்கொண்டு முன்னால் வந்தான். முழங்கையில் ஹெல்மெட்டை வாரில் மாட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"இடது கையில இருக்கு" என்றான்.

விரிக்காமல் தப்ப முடியவில்லை. நாணயம் பல்லை இளித்தது. கூட்டம் சிரித்தது, அவள் காது இரண்டும் சுட்டன. குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்து மறுபடி செய்தாள், இந்த முறை இன்னும் வேகமாக.

"இப்பவும் இடதுதான். என்னம்மா, இதையெல்லாம் தூக்கிட்டு வந்துட்ட?"

மூன்றாவது முறையும் கண்டுபிடித்தான். போன்கள் உயர்ந்தன. அப்போதுதான் அவள் கவனித்தாள்: அந்த ஆள் அவள் கையைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி, பின்னால் இருந்த விளக்குக் கம்பத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அவள் கணவர், சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்க, எல்லோரும் வலது கையைப் பார்க்கும் நேரத்தில் அவர் மட்டும் கண் இமைக்காமல் அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து பழகிய பார்வை. மனுஷர் தன்னையறியாமல் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. போங்க என்று சைகை செய்யவும் வழியில்லை.

ஹெல்மெட்காரன் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். "இத வச்சுப் பண்ணு. நான் கண்டுபிடிச்சிட்டா கடையக் கட்டிட்டுப் போயிடணும். சரியா?"

"அண்ணே, பாவம், விடுங்க" என்றாள் செருப்பறுந்தவள். அவன் காதில் வாங்கவில்லை.

மோதிரத்தை எடுத்தாள். வேறு முறை எதுவும் அவள் பழகியிருக்கவில்லை; கணவர் கண்ணோ எப்படியும் இடது கைக்குத்தான் போகும். அதனால் எதையும் மறைக்காமல், உண்மையிலேயே வலது கையில் வைத்து மூடினாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"எதுல இருக்கு சார்?"

அவன் கம்பத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கிப் பிடித்தான். விரல் ஒவ்வொன்றாகப் பிரித்தான். ஒன்றும் இல்லை.

'வலது கையைக் காட்டு என்று இப்போது கேட்டால் தொலைந்தேன்' என்று அவளுக்குத் தோன்றியது. அவன் கேட்கவில்லை. நம்பமுடியாமல் கம்பத்தின் பக்கம் திரும்பினான். கூட்டமும் திரும்பியது. கணவர், ஊரான் மோதிரம் நிஜமாகவே தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி, தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அவன் முழங்கையில் தொங்கிய ஹெல்மெட் மேசைக்கு மேலே வாய் திறந்திருந்தது. அவள் வலது கையை அதன்மேல் லேசாகத் தளர்த்தினாள். உள்ளே பஞ்சு இருந்ததால் சத்தம் வரவில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தபோது வலது கையும் விரிந்து காலியாக இருந்தது.

"ஹெல்மெட்டப் பாருங்க சார்."

பார்த்தான். கைதட்டல் வங்கிச் சுவரில் மோதித் திரும்பியது. அவன் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. மணிக்கட்டில் அவன் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. பையின் ஜிப்பை இழுத்தாள், பாதியில் சிக்கிக்கொண்டது. செருப்பறுந்தவள்தான் மூடிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணவர் நச்சரித்தார். "எங்கதான் வச்சிருந்த? எனக்கே தெரியலையே!"

"நீங்க எதைப் பார்த்துட்டு நின்னீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சொன்னாள். அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். "நானா?" என்றார். முகம் செத்துவிட்டது.

"அடுத்த வாரம் நீங்க வர வேணாங்க" என்றாள். கோபமாகச் சொல்ல நினைத்திருந்தாள், கெஞ்சலாக வந்தது. அவர் மேசையை வாங்கித் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். படுக்கப் போகும்போது, "அந்த ஆள் மறுபடி வந்தான்னா போன் பண்ணு" என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் தனியாகப் போனாள். அந்த ஆள் வரவில்லை. தூறல் போட்டதால் கூட்டமும் இல்லை. ஒதுங்கி நின்றவர்கள் மட்டும் அரைமனதாகப் பார்த்தார்கள். ஈரக் கையில் நாணயம் வழுக்கி, கணீரென்று படிக்கட்டில் விழுந்து உருண்டது. போன வாரமாக இருந்தால் அதோடு மேசையை மடக்கியிருப்பாள். குடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் குனிந்து அதை எடுத்துக் கொடுத்து, "மெதுவா, மறுபடி பண்ணும்மா. மழை விட நேரமாகும்" என்றார்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.